மாவுக்கட்டுக்குள் கை கால் சூம்பாமல் பார்த்துக்கொள்வது எப்படி? செட்டிநாட்டு வீடுகளுக்கான கேள்வி பதில்

பைக்கில் விழுந்தவர், மஞ்சுவிரட்டில் அடிபட்டவர், முற்றத்து ஈரத்தில் வழுக்கிய ஆச்சி என்று யாருக்கு எலும்பு முறிந்தாலும், கட்டுப் போட்டு வீட்டுக்கு வந்ததும் சுற்றம் சொல்லும் முதல் வார்த்தை "அசையாம கெட" என்பதுதான். முறிந்த எலும்பு அசையாமல் இருக்க வேண்டியது சரி. அந்த எலும்பைச் சுற்றியிருக்கும் தசைக்கும் சேர்த்து ஓய்வு கொடுத்துவிட்டால், கட்டுப் பிரிக்கும் நாளில் கால் குச்சியாக நிற்கும். கட்டு இருக்கும்போதே என்ன செய்யலாம், எவ்வளவு செய்யலாம், எதைத் தொடவே கூடாது என்பவை கீழே.

கட்டுப் போட்டு எத்தனை நாளில் சதை வற்ற ஆரம்பிக்கும்?

முதல் வாரத்திலேயே. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட்டில், நல்ல உடல்நலத்தோடு இருந்த இளைஞர்களின் ஒரு காலை மட்டும் முழங்காலோடு சேர்த்துக் கட்டி வைத்துப் பார்த்தார்கள். 2014இல் வந்த அந்த ஆய்வில், 5 நாளில் தொடை முன்தசையின் பருமன் 3.5 சதவீதமும் 14 நாளில் 8.4 சதவீதமும் குறைந்தன. பலம் அதைவிட வேகமாக இறங்கியது: 5 நாளில் 9 சதவீதம், 14 நாளில் கிட்டத்தட்ட 23 சதவீதம்.

பலம் ஏன் முந்திக்கொண்டு போகிறது? தசையை இயக்கும் நரம்பின் கட்டளையும் பழக்கம் விட்டுப் போவதால்தான். இன்னொரு பக்கம், வேலை செய்யாத தசை, சாப்பாட்டில் வரும் புரதத்தை எடுத்துத் தன்னைப் புதுப்பித்துக்கொள்வதைக் குறைத்துக்கொள்கிறது. நம்மை நிமிர்த்தி நிறுத்தும் தசைகளான தொடை முன்தசையும் ஆடுசதையும்தான் முதலில் சூம்பும். வயதானவர்களுக்கு இழந்தது திரும்பி வருவதும் தாமதம். அதனால் "கட்டுப் பிரிக்கட்டும், அப்புறம் பார்ப்போம்" என்று ஆறு வாரம் காத்திருப்பது நல்ல யோசனை இல்லை.

மூட்டே மடங்காதபோது உள்ளே இருக்கும் தசைக்கு எப்படி வேலை கொடுப்பது?

மூட்டை அசைக்காமல் தசையை மட்டும் இறுக்கித் தளர்த்தலாம். கட்டு இருக்கும் காலத்தில் நம் கையில் இருக்கும் முதல் ஆயுதம் இதுதான். டாக்டர் சரி என்று சொன்னதும் தொடங்கிவிடலாம். பெரும்பாலான முறிவுகளுக்கு வலி தணியும் முதல் சில நாட்களிலேயே அனுமதி கிடைத்துவிடும்.

தொடை வரை கட்டு இருந்தால் இப்படிச் செய்யுங்கள். முதலில் நல்ல காலில் பழகுங்கள். கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலின் பின்பக்கத்தால் மெத்தையை அழுத்துங்கள். முழங்கால் சிரட்டையைப் பாருங்கள்: அது தொடைப்பக்கம் மெல்ல ஏறும், அதற்கு மேலே தொடைச்சதை கல் மாதிரி திரளும். கையை வைத்துத் தொட்டுப் பார்த்து அந்த உணர்வை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். இப்போது அதே கட்டளையைக் கட்டுப் போட்ட காலுக்குக் கொடுங்கள். 5 விநாடி இறுக்கி, 5 விநாடி தளர்த்தி, 10 முறை. விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு ஒரு தடவை செய்தால் நல்லது. முடியாவிட்டால் நாளைக்கு 5, 6 தடவையாவது. முதல் வாரம் பாதிப் பலம், பிறகு வலி அனுமதிக்கும் அளவுக்குக் கூட்டலாம். பிட்டத் தசையையும் இதே கணக்கில் இறுக்கித் தளர்த்துங்கள்.

வழக்கமாக எங்கே தவறு நடக்கிறது? மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள், அதனால் ரத்த அழுத்தம் ஏறும். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று வாய்விட்டு எண்ணினால் மூச்சு தானாக ஓடும். இன்னும் சிலர் இடுப்பைத் தூக்கிவிட்டுத் தொடையை இறுக்கிவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள். முறிந்த இடத்தில் சுரீர் என்று குத்தினால் அந்த வேளைக்கு நிறுத்துங்கள். இறுக்கும்போது மட்டும் தசையில் ஒரு சோர்வு தெரிந்தால் அது இருக்க வேண்டியதுதான்.

இந்தப் பயிற்சியை யார் கேட்காமல் செய்யக் கூடாது?

தசைநார் அறுந்து தைத்தவர்கள். குதிகால் நார் தைத்திருந்தால் ஆடுசதையை இறுக்குவது தையலையே இழுக்கும். கை விரல் நார் தைத்தவர்கள் விரலை மடக்கும் பயிற்சிக்கும் இதே எச்சரிக்கை. முழங்கால் சிரட்டை உடைந்தவர்கள் தொடை முன்தசையை இறுக்கும் முன் கேட்க வேண்டும், ஏனென்றால் அந்தத் தசை உடைந்த துண்டுகளைப் பிரித்து இழுக்கக்கூடியது. டாக்டரிடம் "என்ன பயிற்சி செய்யலாம்" என்று பொதுவாகக் கேட்டால் பதிலும் பொதுவாகத்தான் வரும். "எந்தத் தசையை இறுக்கலாம், எதை இறுக்கக் கூடாது, எவ்வளவு எடை ஊன்றலாம்" என்று மூன்றாகப் பிரித்துக் கேட்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

முழங்காலுக்குக் கீழே மட்டும் கட்டு. என்ன செய்யலாம்?

கால் விரல்களை மணிக்குப் பத்து முறை மடக்கி விரியுங்கள். கட்டுக்குள் பாதத்தை ஆக்சிலேட்டர் மிதிப்பது போல 5 விநாடி அழுத்திப் பாருங்கள், பிறகு மேல்நோக்கி இழுத்துப் பாருங்கள். கட்டு விடாது, தசை மட்டும் இறுகும். முழங்கால் வெளியே இருப்பதால் அதை மடக்கி நீட்டாமல் விடுவதற்குக் காரணமே கிடையாது. மல்லாந்து படுத்து, நல்ல காலை மடக்கி வைத்துக்கொண்டு, கட்டுப் போட்ட காலை நேராக ஒரு முழ உயரம் தூக்கி 3 விநாடி நிறுத்தி மெதுவாக இறக்குங்கள். 10 முறை, நாளைக்கு மூன்று வேளை. கட்டின் கனமே போதும், வேறு எடை கட்ட வேண்டாம்.

மணிக்கட்டில் கட்டு. தறியில் உட்காரும் கை இது. பிடி போய்விடுமா?

கண்டாங்கி நெய்பவர்களுக்கு விரல் வேகமும் தோள் வீச்சும்தான் பிழைப்பு. அதைக் காக்க, முதலில் கட்டைப் பாருங்கள். உள்ளங்கைப் பக்கம் அது விரல்களுக்குக் கீழே ஓடும் குறுக்கு ரேகையோடு நின்றிருக்க வேண்டும். ரேகையைத் தாண்டி ஏறியிருந்தால் விரலின் அடிமுட்டி மடங்காது, ஆறு வாரத்தில் இறுகிப் போகும். அப்படி இருந்தால் மறுநாளே போய்க் காட்டி வெட்டிக் குறைக்கச் சொல்லுங்கள்.

பிறகு, விரல் நுனிகள் உள்ளங்கையைத் தொடும்வரை முழு முஷ்டி, முழுதாக விரித்தல், கட்டைவிரலால் மற்ற நான்கு விரல் நுனிகளையும் வரிசையாகத் தொடுதல். மணிக்கு ஒருமுறை, ஒவ்வொன்றும் பத்து. கையைத் தலைக்கு மேல் தூக்கி இறக்குவதை நாளைக்கு நான்கைந்து தடவை செய்யுங்கள். மணிக்கட்டு முறிவில் கடைசியில் தோள் பிடித்துக்கொண்டு அவதிப்படுபவர்கள் பலர். கழுத்துத் தூளியில் கையை நாள் முழுக்கத் தொங்கவிடுவது அதற்கு ஒரு காரணம். வீக்கம் இறங்கியதும் தூளியை வெளியே போகும்போது மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள்.

நல்ல கையைப் பழக்கினால் கட்டுப் போட்ட கைக்குப் பலன் உண்டா?

உண்டு. நம்பக் கஷ்டமாக இருக்கும், ஆனால் திரும்பத் திரும்பப் பார்த்த விஷயம். ஒரு பக்கத் தசையைக் கடுமையாகப் பழக்கும்போது மூளையில் மறுபக்கத்தை இயக்கும் பகுதியும் விழித்துக்கொள்கிறது. கனடாவில் 50 வயது தாண்டிய, மணிக்கட்டு முறிந்த பெண்களிடம் நல்ல கைக்குப் பிடிப்பயிற்சி கொடுத்தார்கள். 2013இல் வெளிவந்த முடிவின்படி, முறிந்து 12 வாரத்தில் அவர்களுடைய முறிந்த கையின் பிடியும் மணிக்கட்டு மடங்கும் அளவும், பயிற்சி செய்யாதவர்களைவிட நன்றாக இருந்தன.

செய்முறை எளிது. வாரம் மூன்று நாள். நல்ல கையில் ரப்பர் பந்தை முழுப் பலத்தோடு 3 விநாடி அழுத்தி விடுங்கள். 8 முறை ஒரு சுற்று, இரண்டில் தொடங்கி ஐந்து சுற்று வரை. காலுக்கு என்றால், நாற்காலியில் உட்கார்ந்து மஞ்சப்பையில் 2 கிலோ அரிசி போட்டு நல்ல கணுக்காலில் கட்டி, முழங்காலை நீட்டி இறக்குங்கள். 8 முதல் 10 முறையில் தசை களைத்துவிட வேண்டும்; களைக்காவிட்டால் அரிசியைக் கூட்டுங்கள். பூப்போல நாற்பது முறை ஆட்டுவதில் இந்தப் பலன் வராது, கனம்தான் வேலை செய்கிறது.

மனதால் நினைத்தாலே பலம் நிற்கும் என்கிறார்களே?

ஓரளவு நிற்கும். அமெரிக்காவின் ஒஹாயோவில் நல்ல உடல்நலம் உள்ளவர்களுக்கு நான்கு வாரம் மணிக்கட்டில் கட்டுப் போட்டார்கள். சும்மா இருந்தவர்கள் சுமார் 45 சதவீதம் பலம் இழந்தார்கள். வாரம் ஐந்து நாள், மணிக்கட்டை முழு மூச்சாக மடக்குவதாகக் கற்பனை செய்தவர்கள் சுமார் 24 சதவீதம்தான் இழந்தார்கள். தசைநார் தைத்து, இறுக்கவே கூடாது என்று சொல்லப்பட்டவர்களுக்கு இது பெரிய உதவி. கண்ணை மூடி, தசை இறுகும் அந்த உணர்வையே 5 விநாடி நினையுங்கள், 5 விநாடி விடுங்கள். படம் பார்ப்பது போல வெளியிலிருந்து பார்க்காமல், உள்ளிருந்து உணருங்கள். நினைக்கும்போது தசை உண்மையிலேயே இறுகிவிடாமல் பார்த்துக்கொள்வது முக்கியம்.

ஆட்டுக்கால் சூப்பும் பிரண்டைத் துவையலும் தினமும் கொடுக்கிறோம். போதாதா?

கொடுங்கள், ருசிக்கும் பசிக்கும் நல்லது. ஆனால் தசையைக் காக்கும் கணக்கில் அவை மிகக் குறைவு. ஆட்டுக்கால் சூப்பில் இறங்குவது பெரும்பாலும் ஜெலட்டின். தசை கட்டத் தேவையான அமினோ அமிலங்களில் ஒன்று அதில் கிடையாது, மற்றொன்று மிகக் கொஞ்சம். பிரண்டையில் புரதம் சொற்பம்.

எடையில் ஒரு கிலோவுக்கு நாளைக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் என்பது நல்ல இலக்கு. 60 கிலோ உள்ளவருக்கு 72 முதல் 90 கிராம். நம் ஊர்ச் சாப்பாட்டில் இது தானாக வராது, ஏனென்றால் தட்டில் சோறுதான் பெரும்பங்கு. கணக்குக்கு: ஒரு முட்டை 6 கிராம்; சமைத்த நாட்டுக்கோழிக் கறி 100 கிராமில் சுமார் 25; மீன் 100 கிராமில் 20; ஒரு டம்ளர் பால், அதாவது 200 மில்லி, 6; கொண்டைக்கடலை வேகவைக்கும் முன் 50 கிராம் எடுத்தால் 10; பன்னீர் 100 கிராமில் 18; மீல்மேக்கர் காய்ந்தது 30 கிராமில் 15.

காலையில் நான்கு இட்லியோடு கெட்டிச் சாம்பாரும் இரண்டு முட்டையும், மதியம் சோற்றோடு 100 கிராம் கறி, சாயங்காலம் சுண்டல், ராத்திரி பருப்பு அடையும் ஒரு டம்ளர் பாலும். இது 75 கிராமைத் தொட்டுவிடும். சைவம் என்றால் முட்டை, கறியின் இடத்தில் பன்னீர், மீல்மேக்கர், தயிர். மொத்தத்தையும் ஒரே வேளையில் திணிக்காமல், வேளைக்கு 20, 25 கிராமாகப் பிரியுங்கள். கும்மாயத்தில் உளுந்து இருக்கிறதே என்று தினமும் கிண்டிக் கொடுக்க வேண்டாம். கருப்பட்டியும் நெய்யும் எடையை ஏற்றும், சர்க்கரை நோயாளிக்கு முறிவு சேர்வதையும் கெடுக்கும்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இந்த அளவைத் தாங்களாகத் தொடங்கக் கூடாது. நோன்பு, விரதம் எல்லாம் கட்டு இருக்கும் காலத்தில் ஒத்திவைப்பது உடம்புக்குச் செய்யும் மரியாதை.

"கரண்ட் வைத்தால்" சதை குறையாதாமே?

தோலில் ஒட்டி லேசான மின்சாரம் பாய்ச்சும் கருவிகளில் இரண்டு வகை: தசையைச் சுருங்க வைக்கும் வகை ஒன்று, வலியை மட்டும் மரத்துப்போக வைக்கும் வகை ஒன்று. கடைகளிலும் ஆன்லைனிலும் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் இரண்டாவது. அதனால் சதை நிற்காது. முதல் வகையை நாளைக்கு இரண்டு வேளை, 40 நிமிடம் வைத்த மாஸ்ட்ரிக்ட் ஆய்வில், 5 நாள் கட்டில் தசைப் பருமன் குறையவில்லை. பலம் குறைவது மட்டும் நிற்கவில்லை. கட்டுக்குள் கருவியின் ஒட்டுப் பட்டையை வைக்க இடமும் வேண்டும். ஆகவே கழற்றி மாட்டும் பிரேஸ் போட்டவர்கள், தானாக இறுக்கத் தெரியாத முதியவர்கள் பிசியோதெரபிஸ்ட்டிடம் கேட்கலாம். பேஸ்மேக்கர் இருந்தால் கூடாது.

அப்பத்தாவுக்கு வயது 72. வளவு வீட்டில் கிரட்ச்சோடு நடக்கவிடுவதா, படுக்கவே வைப்பதா?

நடக்கவிடுங்கள், இடத்தைச் சரிசெய்துவிட்டு. படுத்தே இருந்தால் முறியாத காலும் சேர்ந்து வற்றும்; காலில் ரத்தம் உறையும் அபாயமும் கூடும். ஆனால் ஆத்தங்குடிக் கல்லில் தண்ணீர் பட்டால் கிரட்ச் நுனி கண்ணாடிமேல் வழுக்குவது போல ஓடும். வீடு கழுவித் துடைத்து முழுதாகக் காயும்வரை அவரை உட்கார்த்தி வையுங்கள். நுனி ரப்பர் தேய்ந்து வழவழப்பானதும் மாற்றுங்கள். உயரமான நிலைப்படிகளும் முற்றத்து விளிம்புக் கல்லும்தான் இன்னொரு இடையூறு. முடிந்தால் கட்டிலை, வீட்டின் உட்பகுதியான இரண்டாம் கட்டிலிருந்து கழிப்பறைக்குப் பக்கமாக மாற்றிப் போடுங்கள். முதியவருக்குக் கிரட்ச்சைவிட வாக்கர் நல்லது.

கிரட்ச்தான் என்றால், அக்குளுக்கும் அதன் உச்சிக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். கைப்பிடி, கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் உயரத்தில். எடை கையில் இறங்க வேண்டும். அக்குளில் தொங்கினால் நரம்பு நசுங்கி மணிக்கட்டே தொங்கிப்போகலாம். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது கட்டுப்போட்ட கால் முதலில்.

"20 கிலோ மட்டும் ஊன்றலாம்" என்று சொன்னால், எடை மெஷினில் அந்தக் காலை வைத்து முள் 20இல் நிற்கும்வரை அழுத்திப் பழகுங்கள். பத்து முறை செய்தால் அந்த அளவு ஓரளவு பிடிபடும். அனுமதித்த எடையை ஊன்றுவதைப் போலத் தசையைக் காக்கும் பயிற்சி வேறில்லை.

எந்த அறிகுறி வந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது?

மாத்திரைக்கும் அடங்காமல் ஏறிக்கொண்டே போகும் வலி. விரலை மற்றவர் நீட்டிவிட்டால் உயிர் போகும் வலி. விரல்கள் மரத்து, வெளுத்து, குளிர்ந்து, நீலம்பாரித்துப் போவது. உயர்த்தி வைத்தும் குறையாமல் கட்டு நெரிப்பது. உள்ளே அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் நிற்பதன் அடையாளங்கள் இவை. சில மணி நேரத்தில் தசை செத்துவிடும், அதன்பிறகு எந்தப் பயிற்சியாலும் அது திரும்பாது. ஆடுசதை வீங்கி வலிப்பது, திடீர் மூச்சுத் திணறல், நெஞ்சுவலி ஆகியவற்றுக்கும் உடனே 108.

அரிப்புக்கு ஈர்க்குச்சியை உள்ளே விட்டுச் சொறிய வேண்டாம். ஒரு சின்னக் கீறல் கட்டுக்குள் புண்ணாகி, வாடை வரும்போதுதான் தெரியவரும்.

நாட்டுக்கட்டு, எண்ணெய் போட்டு உருவுதல்?

மூங்கில் வைத்து இறுக்கிக் கட்டும் கட்டில் பெரிய ஆபத்து, மேலே சொன்ன ரத்த ஓட்டத் தடைதான். முழங்கைப் பக்கம் முறிந்த குழந்தைகளுக்கு இது கையை நிரந்தரமாக மடங்கிப்போகச் செய்யலாம். ஃபோல்க்மன் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1881இலேயே இந்த ஊனத்தை விவரித்திருக்கிறார்.

உருவுவது பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். கட்டுப் பிரித்ததும் வறண்ட தோலுக்கு நல்லெண்ணெய் தடவுவதில் குற்றமில்லை. ஆனால் விறைத்த முழங்கையை ஆள் வைத்து உருவி, இழுத்து மடக்கினால், அடிபட்ட தசைக்குள்ளேயே எலும்பு படியத் தொடங்கலாம். பிறகு மூட்டு பூட்டியது பூட்டியதுதான். மடக்குவதும் நீட்டுவதும் நோயாளியின் சொந்தத் தசையால்தான் நடக்க வேண்டும்.

கட்டுப் பிரித்தாயிற்று. கால் பாதியாகத் தெரிகிறது. இனி?

தோல் உரிவதும் முடி அடர்ந்து தெரிவதும் சாயங்காலம் வீங்குவதும் வழக்கம்தான். தையல்காரர் டேப்பால் சிரட்டையின் மேல்விளிம்பிலிருந்து 10 சென்டிமீட்டர் மேலே குறி வைத்து, இரண்டு தொடையையும் அளந்து நாட்காட்டியில் எழுதுங்கள். வாரம் ஒருமுறை, காலையில், அதே இடத்தில்.

முதலில் மூட்டு முழுதாக மடங்கி நீள வேண்டும், பிறகு கனம். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பையில் போட்டுக் கணுக்காலில் கட்டினால் அரைக் கிலோ. 10 முறை, 3 சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். வலியில்லாமல் மூன்று சுற்றும் முடிந்தால் அடுத்த வாரம் கொஞ்சம் கூட்டுங்கள். மறுநாள் காலையிலும் வலியும் வீக்கமும் இருந்தால் ஒரு படி இறங்குங்கள். கட்டில் இருந்த காலத்தைவிடத் தேறும் காலம் நீளும், அதற்கு மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து பழக்க ஆள் வேண்டுமென்றால், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் இயன்முறை சிகிச்சை பற்றிக் கேளுங்கள்.

கார்த்திகையில் கட்டுப் பிரிக்கிறார்கள். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கலாமா?

நகரத்தார் காவடியோடு குன்றக்குடியிலிருந்து நடப்பது நூறு கிலோமீட்டருக்கு மேல், அதுவும் நாள் தவறாமல். இரண்டு மாதத்தில் ஆடுசதை அதற்குத் தேறுவது அரிது. சோதித்துப் பார்க்க ஒரு வழி: தூணை லேசாகத் தொட்டுக்கொண்டு, அந்த ஒற்றைக் காலில் நின்று குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். நல்ல காலில் 20 முறை முடிந்து, இந்தக் காலில் 8க்கே நடுங்கினால் இந்த ஆண்டு வண்டியில் போய், அடிவாரத்துக்குக் கடைசி இரண்டு கிலோமீட்டரை மட்டும் நடங்கள். இரண்டு காலிலும் எண்ணிக்கை சமமாகி, தொடர்ந்து சில நாள் 10 கிலோமீட்டர் நடந்தும் மறுநாள் வீக்கம் இல்லையென்றால் டாக்டரிடம் கேட்டுவிட்டுப் புறப்படலாம்.